விடுபட்ட கட்டம்

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இராயப்பன் வீட்டுக் கதவைத் தட்ட ஆளில்லை. மனைவி மார்த்தா போய்ச் சேர்ந்தபின் வானொலியோடுதான் சாப்பாடு. ஆனால் ஜார்ஜ் டவுன் தனியார் மருத்துவமனை ஒன்றின் காப்புறுதிக் கவுன்டரில் உட்கார்ந்துவிட்டால் மனிதர் சரியான வாயாடி.

நோயாளியை வார்டில் சேர்க்குமுன், செலவை ஏற்கிறோம் என்று காப்புறுதி நிறுவனம் கேரண்டி லெட்டர் தர வேண்டும். கெஞ்சியும் சண்டை போட்டும் அதை வாங்கித் தருவது அவர் வேலை. கோலாலம்பூரில் அந்த நிறுவனத்தின் போனை எடுப்பவள் ஷாஹிரா. முகம் பார்த்ததில்லை. "அண்ணே, சாப்டாச்சா? இன்னிக்கி என்னா கேஸ்?" என்றுதான் ஆரம்பிப்பாள். லெட்டர் இழுக்கிற நேரமெல்லாம் பேச்சு: அவள் மகளின் பள்ளிக்கூடம், இவர் தீய்த்த மீன் குழம்பு. நோயாளிகள் எதிரே நெளிந்துகொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

பிறகு நிறுவனம் திருந்தியது. எல்லாம் கணினிக்கு மாறி, அரைநாள் இழுத்த அனுமதி சில நிமிடங்களில் வந்தது. படிவத்தில் ஏதாவது விடுபட்டால்தான் இனி போன். எல்லாரும் வாழ்த்தினார்கள். இராயப்பனும் வாழ்த்தினார், மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஆனால் மணி அடிக்காத அந்தப் போன் அவரைத் தின்றது. தானே கூப்பிடலாம்தான். என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது? ஒரு குடும்பப் பெண்ணைச் சும்மா அழைக்க அவருக்குக் கூச்சம்.

மார்த்தாவின் நினைவு நாள் வந்தது. காலையில் பூசைக்குப் போய்விட்டு வேலைக்கு வந்தார். அவள் பெயரை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் பிறை ஊர்த் தொழிற்சாலை ஊழியர் தயாளனைச் சிறுநீரகக் கல்லோடு தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. இராயப்பன் படிவத்தை நிரப்பினார். வலி எப்போது தொடங்கியது என்ற கட்டத்தை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டு அனுப்பினார்.

"லெட்டர் வந்துச்சாண்ணே?" என்றாள் தயாளனின் மனைவி.

"அவங்க இன்னும் பதில் சொல்லலம்மா" என்றார் கூசாமல்.

காத்திருந்தார்கள். கடைசியில் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"அண்ணே, ஒரு கட்டத்த விட்டுட்டீங்களே! உங்க கையில இப்படி நடந்ததே இல்லையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அந்த ஒரு கேள்வியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அதில்லம்மா, இன்னிக்கி வந்து..."

பின்னால் தயாளன் அலறினார்.

"யாருண்ணே அது கத்துறது?"

"அந்த ஆளுதாம்மா." இராயப்பன் தள்ளுவண்டியைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து காலையில வலி தொடங்கிச்சு. சீக்கிரம் லெட்டர விடும்மா." தானே போனை வைத்தார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது.

லெட்டர் உடனே வந்தது. தயாளனின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க மட்டும் போன்ல பேசலேன்னா என்னா ஆயிருக்கும்! தண்ணீர்மலைக் கோயில்ல உங்க பேருக்கு அர்ச்சனை பண்றேன். பேரு சொல்லுங்கண்ணே."

அவர் தலை நிமிரவில்லை. "எம் பேரு வேணாம்மா. மார்த்தான்னு சொல்லுங்க."

"சம்சாரமாண்ணே? நல்லா இருக்காங்களா?"

அதற்குள் தள்ளுவண்டி லிப்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் பின்னாலேயே ஓடினாள். இராயப்பன் பதில் சொல்ல வாய் திறந்தபோது கவுன்டர் முன்னால் யாருமில்லை.