முதுகுப் பக்கம் தள்ளிய தாயத்து

போன மாசம் நடந்த மானக்கேட்டை நான் யாருகிட்டயும் சொல்லல. செஞ்சியில ஒரு பள்ளிக்கூடத்துல நான் அறிவியல் டீச்சர். எக்ஸ்ரே பத்தி நடத்தினா கிளாஸே வாயைப் பொளந்துக்கிட்டு கேக்கும். "சதையைத் தாண்டிப் போயிடும், உலோகத்துகிட்ட மட்டும் அதோட பாச்சா பலிக்காது"ன்னு வருஷா வருஷம் அதே வசனம். அந்த வாயை இப்ப எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?

இருமல் விடவே இல்லை. எங்கம்மா நுரையீரல்ல கட்டி வந்துதான் போனாங்க. அவங்களுக்கும் இருமல்லதான் ஆரம்பிச்சுது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டு வரச் சொன்னதும் எனக்கும் அதேதான்னு முடிவே பண்ணிட்டேன். அந்தப் பயத்தைப் பத்தி வீட்டுக்காரர்கிட்ட வாயே திறக்கல. அவர் சாமி பூதம் எதையும் நம்பாத மனுஷன். நாங்க தாலி இல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. எவனாவது கயிறு கட்டிக்கிட்டு எதிர்ல வந்தா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் கிண்டல் பண்ணுவோம். அப்பேர்ப்பட்ட நான், தொண்டூர்ல வளைகாப்புன்னு பொய் சொல்லிட்டு, மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்துல இடிபட்டுப் போய், அங்க மந்திரிக்கற ஒருத்தன்கிட்ட பயத்தைச் சொல்லி, செம்புத் தாயத்து ஒண்ணைக் கழுத்துல கட்டிக்கிட்டு வந்தேன். ரவிக்கைக்குள்ள மறைச்சுக்கிட்டேன். மறுநாள் எக்ஸ்ரே.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து சென்டர்ல படம் எடுக்கற பொண்ணு என்கிட்ட படிச்சவ. மாத்திக்க ஒரு அங்கியைக் குடுத்துட்டு, "செயின், ஊக்கு எல்லாம் கழட்டிட்டீங்களா மேடம்?"ன்னா.

"எல்லாம் ஆச்சும்மா."

தாயத்தைக் கழட்டினா அவ கண்ணுல பட்டுடுமே! மெதுவா முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுட்டுப் போய் நின்னேன். பின்னாடி இருந்தா படத்துல தெரியாதாம். அறிவியல் டீச்சராம். தூ!

கூட வந்திருந்த என் வீட்டுக்காரரை அவ மரியாதைக்காகக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்துல உக்கார வெச்சிருந்தா. படம் வந்ததும் "ஐயோ"ன்னு இவர் சத்தம் கேட்டுச்சு. ஓடிப்போய்ப் பார்த்தா, வலது நுரையீரல் நடுவுல வெள்ளை வெளேர்னு கட்டையா ஒண்ணு.

"எதையோ கழட்டாம விட்டுட்டீங்க போல மேடம். இன்னொன்னு எடுத்துடலாம்"னா அந்தப் பொண்ணு.

"அதான் எல்லாம் கழட்டிட்டேன்னு சொன்னாளேம்மா! உள்ளதான் இருக்குது. அவங்கம்மாவுக்கும் இதேதான்." இவருக்கு உதடு கோணிக்கிச்சு. "பாண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம். இப்பவே வண்டி சொல்றேன்." எதுக்கும் அசையாத மனுஷன், போனைக் கீழ போட்டுட்டார்.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா என் மானம் தப்பிக்கும், இவர் அங்கயே உசுரை விட்டுடுவார். கழுத்துக்குப் பின்னால கைவிட்டு, தாயத்தை இழுத்து முன்னாடி போட்டு, "மேல்மலையனூர்ல கட்டினது"ன்னேன். பூமி பொளந்து என்னை முழுங்கிடாதான்னு இருந்துச்சு. அந்தப் பொண்ணு சட்டுனு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை.

மறுபடி எடுத்த படத்துல ஒண்ணுமில்லை. சளிதான்னு டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தார்.

வெளிய வந்ததும் கத்துவார், கிண்டல் பண்ணுவார்னு பதிலைத் தயாரா வெச்சிருந்தேன். டீக்கடை ஓரமா நின்னவர், "அவ்ளோ பயமா இருந்துச்சா?"ன்னார்.

"ம்."

"இத்தினி வருஷம் கூடவே இருக்கறேன். மலையனூர் போய் யாரோ ஒருத்தன்கிட்ட சொல்லியிருக்கற. என்கிட்ட சொல்லத் தோணலையா?"

"சொன்னா சிரிப்பீங்கன்னுதான்."

இல்லைன்னு சொல்லுவார்னு அவர் முகத்தையே பார்த்தேன். டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டு, "ஆமா, சிரிச்சிருப்பேன்"னார்.