உயிரோடு இருந்தவன் படத்துக்கு வைத்த பொட்டு

தொண்ணூற்றொன்றில், தீர்ப்பு நாளன்று செங்கல்பட்டு கோர்ட்டில் இருந்தவர்கள்: அம்மா. அண்ணி. நான். எதிர் பெஞ்சில் பெரியப்பா மருமகள். கூண்டில் என் அண்ணன்.

கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறு. பெரியப்பாவையும் அவர் மகனையும் அண்ணன் வெட்டிவிட்டான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

ஜட்ஜ் தூக்கு என்றார். அதற்கு மேலும் ஏதோ படித்தார். எங்கள் காதில் விழவில்லை.

ஒரகடம் வழியாக பஸ்ஸில் வீடு வந்தோம். அம்மா அண்ணன் படத்தை எடுத்துத் துடைத்தாள். கண்ணாடியில் குங்குமப் பொட்டு வைத்தாள். கீழே விளக்கு ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன்.

"அத்தே, இன்னா பண்றீங்க? உசுரோடதான கீறாரு?"

"தூக்குன்னுட்டாங்க. இன்னும் இன்னா உசுரு."

மேல் கோர்ட்டுக்கு மனுப் போட வேண்டும் என்றாள் அண்ணி. பக்கத்து வீட்டில் இரண்டு சாவு, எந்த முகத்தோடு போடுவது என்றாள் அம்மா. நானும் வேண்டாம் என்றேன். அண்ணி தனியாக வேலூர் ஜெயிலுக்குப் போனாள். வக்காலத்தில் கையெழுத்துப் போட அண்ணனே மறுத்துவிட்டான்.

தினமும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது நான்.

ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் வக்கீலின் குமாஸ்தாவைப் பார்த்தேன்.

"ஃபைல் மெட்ராஸ் போயிட்ச்சே, தெரியாதா?"

"நாங்க மனுவே போடலியே."

"நீ போடாட்டி இன்னா? தூக்குன்னா அதுவா ஹைகோர்ட்டுக்குப் போவும். அங்க ரெண்டு ஜட்ஜு பாத்து சரின்னாத்தான் தூக்கு. அன்னிக்கே ஜட்ஜய்யா படிச்சாரேபா. நீ எங்க கீற?"

வீட்டில் சொன்னேன். அம்மா விளக்கை வாயால் ஊதினாள். முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். படச் சட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு நின்றுவிட்டது.

ஹைகோர்ட் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. நாங்கள் கேட்காமலே கிடைத்தது.

பல வருடம் கழித்து அண்ணன் வெளியே வந்தபோது அம்மா இல்லை. சோறு போடும் முன்பே படத்தைப் பார்த்துவிட்டான். ஓரத்தில் இருந்த சிவப்பை விரலால் தொட்டான்.

"எனக்கா?"

அண்ணி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

"விளக்கும் வெச்சீங்களா?"

"வெச்சோம்."

"யாரு எண்ண ஊத்துனது?"

"நான்தான்."

சாப்பிட உட்கார்ந்தான். இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எத்தினி நாளு?"

"இருபத்தாறு."