பிழையாகப் பூட்டியவர் இராசநாயகம் சேர் அல்ல

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது போன் வந்தது. என்னோடு படிப்பித்த இராசநாயகம் சேரின் மனைவி பேசினார். "தம்பி, அவர் காலமை மோசம் போயிட்டார்" என்றார். அடுத்த வளைவில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. இரண்டு வருடமாகச் சாவு வீடுகளுக்குப் போய்ப் போய் என் வெள்ளைச் சட்டையின் காலர் கிழிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் பழைய மாணவன் ஒருவன் பேசினான். "கம்பியூட்டர எரிச்ச சேருன்னுதான் நாங்க அவர சொல்லுவோம். ஆனா அவரு சொல்லிக் குடுத்த கணக்கு இன்னைக்கும் மறக்கலங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், பிரியமாகத்தான். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். அவரை அறிந்த உங்களுக்கு அதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கணினியை எரித்தவன் நான்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பள்ளிக்குக் கணித ஆசிரியராக வந்தது தொண்ணூறுகளின் நடுவில். 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்று அவர் சொன்னாலே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் கோபித்ததில்லை. ஒரு மாதத்தில் அவரே "ஆமாங்க, ஆமாங்க" என்று அவர்களைப் போலச் சொல்லிக் காட்டி, வகுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் பள்ளி இருக்கும் தேயிலைத் தோட்டத்திலேயே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். ஆசிரியர் நியமனம் கிடைத்தும் வருடக்கணக்கில் நிரந்தரமாகவில்லை. எங்கள் லயத்தில் மாதச் சம்பளத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்த நாற்காலி எப்போது பறிபோகுமோ என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு யாரோ ஒரு புண்ணியவான் பாவித்த பழைய கணினி ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்தார். அதற்கென்று ஓர் அறை ஒதுக்கி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று பள்ளி அதிபர் சட்டம் போட்டார். வெள்ளிக்கிழமைகளில் அதற்குச் சந்தனப்பொட்டும் உண்டு. இத்தனை மரியாதை செய்தும் அது பத்து நிமிடத்தில் உறைந்து நின்றுவிடும். சேர் பெட்டியைத் திறந்து பார்த்தார். புரொசெசரின் தலையில் சூட்டை இழுப்பதற்காக ஓர் அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கும், ஹீட்சிங்க் என்பார்கள். அதன்மேல் இருந்த சின்ன மின்விசிறி இறுகிப்போய்ச் சுற்றாமல் நின்றிருந்தது. தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன.

எதைக் கழற்றினாலும் முதலில் அதைக் கொப்பியில் படம் வரைந்து அம்புக்குறி போடுவது அவர் வழக்கம். வரைந்து முடியும்வரை திருப்புளியைத் தொடமாட்டார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். ஒருநாள் "இது என்னங்க சேர், சித்திர வகுப்பா?" என்று கேட்டேன். "கழட்டேக்கை பாக்காதவன் பூட்டேக்கை அழுவான்" என்றார். அன்றைக்கு அதைச் சும்மா ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பதுளையில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் தேடி, அந்த மாதிரிக்குப் பொருந்துகிற வேறொரு ஹீட்சிங்க்கை மின்விசிறியோடு வாங்கி வந்தார். புரொசெசருக்கும் அதற்கும் நடுவில் பூசும் வெள்ளைப் பசை மட்டும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை அதைத் தேடி மறுபடி பதுளைக்குப் புறப்பட்டார். போகும்போது பசை எங்கும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று தனக்குள் முணுமுணுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "நான் வருமட்டும் அதிலை கை வைக்காதையும்" என்றார்.

நான் வைத்தேன். எதற்கு? லயத்துப் பையனுக்கும் இது வரும் என்று அதிபருக்குக் காட்டத்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை. பழைய கட்டியில் மிச்சமிருந்த பசையை வழித்து எடுத்துப் பூசினேன். புதிய கட்டியின் அடியில் ஒரு பக்கம் மட்டும் படி வெட்டியிருந்தது. புரொசெசர் இருக்கும் சட்டத்தில் ஒரு பக்கம் மேடாக இருக்கும், அந்த மேட்டின் மேல்தான் இந்தப் படி வரவேண்டும். அப்படி வைத்தபோது மின்விசிறியின் வயர் எட்டவில்லை, இரண்டு விரல் குறைந்தது. திருப்பி வைத்தேன். வயர் அழகாக எட்டியது. கம்பிக் கொளுக்கியைத் திருப்புளியால் அழுத்தினேன், 'டக்' என்று விழுந்தது. பெருமையோடு சுவிட்சைப் போட்டேன்.

கட்டி ஒரு பக்கம் மேட்டில் ஏறி நின்றதால், நடுவில் இருந்த நகமளவு புரொசெசர் சில்லை அது தொடவே இல்லை. மயிரிழை இடைவெளிதான். சூடானால் தானாக நின்றுகொள்ளும் புத்தி அந்தக் காலத்துச் சில்லுகளில் எல்லாவற்றுக்கும் கிடையாது. மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்க, கருகல் வாடை வந்தது. அதன்பிறகு அந்தக் கணினி எழும்பவே இல்லை.

பகல் பஸ்ஸில் சேர் பசையோடு வந்து சேர்ந்தார். வாசலிலேயே அவருக்கு வாடை தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் குனிந்து பார்த்தார், குறுகிய வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அதிபர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, யார் செய்தது என்று கேட்டார். நான் சேரைப் பார்த்தேன். "நான்தான். பிழையாப் பூட்டிப்போட்டன்" என்றார் சேர். வெளியே வந்ததும் மெதுவாக என்னிடம் சொன்னார்: "உமக்கு இன்னும் நிரந்தரமாகேல்லை. எனக்கு ஒண்டும் நடவாது. உமக்கு நிரந்தரமான பிறகு நீரே சொல்லும்."

ஒன்றும் நடக்காது என்று அவர் நினைத்தது தப்புக் கணக்கு. அந்த வருடம்தான் போர்நிறுத்தம் வந்து வடக்குக்குப் பாதை திறந்தது. தனியாக இருந்த தாயாரோடு இருப்பதற்காக அவர் ஊருக்கு இடமாற்றம் கேட்டிருந்தார். அரச சொத்துச் சேத விசாரணை முடியாமல் விடமுடியாது என்று இடமாற்றக் கடிதத்தை நிறுத்திவைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. அதற்கிடையில் தாயார் இறந்துவிட்டார். லீவு போட்டுப் போய்க் கொள்ளி வைத்துவிட்டு வந்தார். விசாரணை முடிந்த பிறகு, "இனிப் போகலாமே சேர்" என்று கேட்டேன். "ஆர் இருக்கினம் இனி அங்கை?" என்றார். பிறகு விண்ணப்பிக்கவே இல்லை.

எனக்கு நிரந்தர நியமனக் கடிதம் வந்த அன்று அதை அவரிடம் காட்டினேன். முழுவதையும் வாசித்தார். மடித்துக் கையில் தந்து, "சந்தோசம்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேநீர் குடிக்கப் போகலாம் என்றேன். போனோம். மழை, பாடத்திட்டம், பஸ் என்று எதையெல்லாமோ பேசினோம். அன்று சொல்லவில்லை. அதிபர் ஓய்வு பெற்றபோதும் சொல்லவில்லை. பிள்ளைகள் அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். நாள் போகப் போகச் சொல்வது கடினமானது. பிறகு சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது. மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். சேரின் மனைவி தேநீர் வைத்தார். அதைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைக்கவில்லை, அதிர்ச்சியும் படவில்லை.

"அது தெரியும் தம்பி. அண்டைக்குப் பின்னேரமே வந்து சொன்னவர்" என்றார்.

"அப்ப இத்தனை வருசமா ஏங்க என்கிட்ட ஒண்ணுமே கேக்கல?"

"உங்களிட்டை நான் கேக்கட்டோ எண்டு அவரைக் கேட்டனான். வேண்டாம், அவன் தானா வந்து சொல்லுவான் எண்டவர். ஆஸ்பத்திரியிலை நீங்கள் வந்து பாத்திட்டுப் போன பிறகும், 'இண்டைக்கும் சொல்லேல்லை' எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் கணக்கைத் தந்தார். எனக்குத் தந்தது என் வேலை, என் மனைவி பிள்ளைகள் இருக்கும் வீடு, தோட்டத்தில் நான் நடந்து போனால் எழுந்து நிற்கிறவர்களின் மரியாதை. இவ்வளவையும் நான் வைத்திருக்கிறேன். கடைசிவரை என்னை நம்பிக் காத்திருந்தாரே, அந்த நம்பிக்கையும் இப்போது என்னிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.