துரை கொடுக்காத நாற்காலி

பெரியப்பாவின் வெற்று முதுகில் எந்நேரமும் பிரம்புப் பின்னலின் தடம் பதிந்திருக்கும். எழுந்து நடந்தால் முதுகு முழுக்க அறுகோணம் அறுகோணமாகச் சிவந்து தெரியும், அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் கை வைத்த நாற்காலி அது ஒன்றுதான். "எங்க 'அப்பாரு'க்குத் தொர குடுத்ததுங்க. அம்பது வருசமாச்சு, பிரம்பு மாத்துனதே இல்லீங்க" என்று தன் தாத்தாவின் பெருமையை வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். கதவுக்குப் பின்னால் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

துரையாவது, கொடுத்ததாவது! அது அம்மாவின் கல்யாணச் சீர். எடப்பாடியில் என் 'அப்புச்சி', அம்மாவைப் பெற்றவர், களத்து மேட்டுப் பூவரசை வெட்டி, ஆசாரியை வீட்டோடு வைத்துச் செய்து அனுப்பியது. அண்ணன் எதிரில் தம்பி உட்காரக் கூடாதென்று என் அப்பா ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. பெண்கள் உட்காரும் பேச்சே கிடையாது.

முப்பதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதாகும்போது அப்பா காய்ச்சலில் போனார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பினாள். நாலு பெரியவர்கள் முன்னால் சீர்ப் பாத்திரங்கள் வண்டியில் ஏறின. நாற்காலி என்று அம்மா வாய் திறந்ததும், "சோறு தின்ன ஊட்டுலயே திருடப் பாக்கறயா?" என்று பெரியப்பா பாய்ந்தார். "எங்கப்பன் குடுத்ததுங்க மாமா. எம் பிள்ள மேல சத்தியமுங்க" என்றாள் அம்மா. அப்புச்சியும் ஆசாரியும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அம்மாவின் கூடப்பிறந்தவர் சொன்னால் எடுபடாது, வேறு சாட்சி இல்லை. நாற்காலி போனால் போகிறது, அம்மாவுக்குத் திருடி என்ற பெயர் நின்றுவிடுமே என்றுதான் நான் பயந்தேன்.

துரை சாமான்தான் என்று பெரியவர்கள் முன்னால் நிரூபிக்கப் பெரியப்பாவே ஆள் அனுப்பி, ஏற்காட்டுப் பங்களாக்களில் ஏலம் போகும் சாமான்களை வாங்கி விற்கும் சேலத்துச் சாயபு ஒருவரை மறுநாள் வரவழைத்தார். அவர் நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினார்.

"மேல கறுப்புச் சாயம், உள்ள பூவரசுங்க. தொர சாமான்னா ஈட்டி மரம், இல்லாட்டித் தேக்கு. திருகாணி இருக்கும். இதுல மூங்கில் ஆணிங்க."

"தொர உள்ளூர் ஆசாரிய வெச்சுச் செஞ்சிருப்பான்" என்று பெரியப்பா சிரித்தார்.

சாயபு சட்டத்தைச் சுற்றிப் பிரம்பு நுழைந்திருந்த துளைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். "பிரம்பு எத்தன தரம் மாத்துனீங்க?"

"ஒருக்காக்கூட இல்ல!" என்று பெரியப்பா பெரியவர்களைப் பார்த்து மார்தட்டினார்.

"நெசந்தானுங்க. தொளை வாய் தேயவே இல்ல, இது மொதப் பின்னல்தான். ஆனா ஏனுங்க, நம்மூர் வெயிலுக்குப் பிரம்பு பதினஞ்சு வருசம் தாங்காதே, இதுக்கு அம்பது வருசம் எப்படிங்க ஆச்சு?"

"தவள தன் வாயாலதான் கெடும்" என்று ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பினார். பெரியப்பாவின் முகம் செத்துப்போனது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை.

அம்மா வெளியே வந்து நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, பெரியப்பாவின் எதிரிலேயே உட்கார்ந்தாள். "அய்யய்யோ, மூத்தவங்க முன்னால!" என்று பெரியம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "எங்கப்பன் செஞ்சதுங்கக்கா, ஒருக்கா உக்காந்து பாக்கறேன்" என்றாள் அம்மா. வெற்றிலை மெல்லும் நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, "வண்டியில ஏத்துங்க" என்றாள்.

எடப்பாடியில் நாற்காலியை இறக்கியதும் என் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அதில் சாய்ந்தார். "அம்மிணி, ஒரு சொம்புத் தண்ணி கொண்டா" என்றார். அம்மா கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள். ஒரே மாதத்தில் அவர் முதுகிலும் அதே அறுகோணங்கள். நான் பெரியப்பாவை வெறுத்ததைவிட மாமாவை அதிகம் வெறுத்தேன், ஏனென்றால் அவர் நல்லவர்.

மாமாவும் போய், அந்த வீடும் இடிந்து, நாற்காலி இப்போது என்னிடம் இருக்கிறது. பிரம்பு பின்ன ஆள் கிடைக்காமல் நைலான் நாடா போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் கவிழ்த்துப் பார்த்து, எந்தக் காலத்தது, எந்த ஊர் வேலை என்று கேட்கிறார்கள். என்னைவிட ஒரு வயது மூத்தது, எடப்பாடி வேலை என்று சொல்கிறேன். யாருடையது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சாகும்வரை அம்மா அதில் உட்கார்ந்தது அந்த ஒரே தடவைதான்.