வேண்டுதல் இல்லாத நடை

நீலசந்திராவிலிருந்து தனியாகக் கிருஷ்ணகிரிக்கு நடக்கிறேன். நடை பழகிவிட்டது, யாரிடமும் வாய் திறந்து கேட்பதுதான் இன்னும் பழகவில்லை. செருப்பு கடித்ததால் அதைக் கையில் பிடித்தபடி, ஆனேக்கல் தாண்டி ஒரு வீட்டு வாசல் நிழலில் நிற்கிறேன். நல்ல பசி.

வெறுங்காலைப் பார்த்த வீட்டுக்கார அம்மா, மாதேஸ்வர மலைக்கு நடக்கும் பக்தன் என்று நினைத்து, சொம்புத் தண்ணீரோடு குனிகிறார்.

"சாமி, காலைக் காட்டுங்க. கழுவிட்டு ஊட்டா பண்ணலாம்."

பேசாமல் இருந்தால் சோறு கிடைக்கும். ஆனாலும் காலை இழுத்துக்கொள்கிறேன்.

"வேண்டுதல் எதுவும் இல்லைங்கம்மா. நடக்கப் புடிச்சிருக்கு, அதான் நடக்கிறேன்."

நிமிர்ந்து பார்க்கிறார். சிரித்துக்கொண்டே சொம்பை என்னிடம் நீட்டுகிறார்.

"அப்போ நீங்களே கழுவிக்கோங்கண்ணா. சும்மா நடந்தா பசிக்காதா என்ன?"

உள்ளேயிருந்து சுடச்சுடக் கேழ்வரகுக் களி வருகிறது. நான் கேட்காமலே இன்னொரு உருண்டையும் வைக்கிறார்.