கடல் தெரியும் அறை

எங்கள் தெருவில் முதன்முதலாக வெளியூர்க்காரர்களுக்கு அறையை வாடகைக்கு விட்டவள் அவள்தான். அதனால் ரூம்காரம்மா என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் மெக்கானிக் வீட்டுக்காரி. புருஷன் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். கடலோரம் முழுக்க ஓட்டல்கள் முளைத்து, படகுத்துறையை ஊருக்கு வெளியே தள்ளியபோது அவருக்கு வேலை குறைந்தது. கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

முதலில் மாடியறையை விட்டாள். அடுத்து நடு அறை. கடைசியில், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற முன்னறையையும் விட்டுவிட்டு, புருஷனைப் பின்பக்கத்துச் சாமான் அறைக்கு மாற்றினாள். பழைய இன்ஜின் பாகங்களை மூலைக்குத் தள்ளிக் கட்டில் போட்டாள். அங்கே ஜன்னல் கிடையாது. மேலே ஒரு காற்றுத் துவாரம் மட்டும். அவளும் மகளும் சமையலறையில் படுத்தார்கள்.

"அடுத்த வருஷம் என்னைத் தண்ணித்தொட்டிக்குள்ள படுக்க வைப்பியா?" என்று அவர் கேட்பார். நாக்குதான் குழறும், கேலி குழறாது.

"தொட்டிக்கும் ஆள் கேக்குறாங்க, பார்ப்போம்" என்பாள்.

அந்த வருஷம் வெயில் ஏறிய பிறகு கேலி நின்றுவிட்டது. "ஒரே ஒரு நாள் முன்னறையில படுத்துக்கறேனே. காத்து வேணும் போல இருக்கு" என்றார்.

"சீசன் முடியட்டுங்க. அப்புறம் காலியாத்தான கெடக்கப் போகுது."

அவர் மறுபடி கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவருக்கு உடம்பு துடைத்துவிட வெந்நீரோடு போன மகள், வாசலிலேயே நின்று "அம்மா" என்றாள். அந்தக் குரலிலேயே இவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் அவர் கன்னத்தைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. மகள் அழ வாயைத் திறந்தாள். இவள் அந்த வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாத. அவங்க சாப்பிட உக்காந்திருக்காங்க."

முன்னறையில் ஒரு புருஷன் பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. ரொட்டியும் முட்டையும் கொண்டுபோய் வைத்தாள். பால் ஆறிப்போச்சு என்றாள் அந்தப் பெண். திரும்பச் சுடவைத்துக் கொடுத்தாள். "படகுல போகலாம்னு இருக்கோம், கடல் எப்படி இருக்கும்?" என்று அந்த ஆள் கேட்டதற்கு, "பயமில்லாம போயிட்டு வாங்க சார்" என்று சொல்லி, வாசல்வரை வந்து குழந்தைக்குக் கையும் ஆட்டினாள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் முன்னறைக்குள் ஓடினாள். அவர்களுடைய பெட்டிகளை நடையில் எடுத்து வைத்தாள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். தாயும் மகளுமாக அவரைத் தூக்கிவந்து கிடத்தினார்கள். ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் ஓடினோம்.

நாத்தனார் வந்து அண்ணனைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். "இப்பதான் எங்க அண்ணனுக்கு ரூம் காலியாச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

மத்தியானம் திரும்பிய அந்தக் குடும்பம் கூட்டத்தைக் கண்டு திகைத்து நின்றது.

"எப்போம்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"காலையில."

"நாங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தப்பவா?"

அவள் தலையாட்டினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாங்க என்ன மனுஷங்க இல்லையா?"

பெட்டிகளை எடுத்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

நாத்தனார் பேச்சைவிட அந்தப் பேச்சுதான் அவளை அரித்தது. என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்: "நல்லவங்க. அவர் காத்து வேணும்னு கேட்ட அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தவங்களும் நல்லவங்களாத்தான் இருந்திருப்பாங்க. கேட்டிருந்தா விட்டுக் கொடுத்திருப்பாங்க. எனக்குத்தான் வாய் வரல."

மகள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். அடிக்கடி ஃபோன் பண்ணுவாள். சாப்பிட்டியா, அங்க வெயில் எப்படி என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் காலையைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை. முன்னறைக்குச் சீக்கிரமே வேறு ஆள் வந்தாயிற்று. அறையை வாடகைக்கு விடாமல் அவள் எதை வைத்துப் பிழைப்பாள்?

இப்போது தெரு முழுக்க ரூம்தான். பழைய முகங்கள் நாலைந்து தேறினால் பெரிசு. போன மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாளாம்; எங்களுக்குத் தெரியவே தெரியாது. மாடியில் தங்கியிருந்த யாரோ மாத்திரை வாங்கிவந்து கொடுத்திருக்கிறார்.

"யாரு அது?" என்று கேட்டேன்.

"தெரியல. நான் எழுந்திருக்கறதுக்குள்ள சாவியை ஆணியில மாட்டிட்டுப் போயிட்டார்" என்றாள்.