ரவி அண்ணை பெயின்ற் அடித்த கோன்

இன்று பக்கத்து ஊரான பகேரியாவில் வேலை முடிந்து வந்து பஸ்ஸால் இறங்கியதும், தெருவோர ஐஸ்கிறீம் கடையைப் பார்த்துத் திகைத்துப்போனேன்.

கைக்கெட்டும் தாழ்ந்த கூரையில் நிற்கும் ஆளுயரத் தகரக் கோன் நேற்றுவரை துருவும் உரிந்த பெயின்றுமாக இருந்தது. இன்று றோஸ், பச்சை, மஞ்சள்.

அங்கு வேலை செய்யும் ரவி அண்ணையிடம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"வெயில் தொடங்க முதல் கோனைத் துப்புரவாக்கச் சொல்லி முதலாளி சொன்னவர். துடைச்சும் வடிவு வரேல்லை. அதான் கோயில் கோபுரத்துக்கு அடிக்கிற மாதிரி அடிச்சுவிட்டன்."

"அண்ணை, ரூறிஸ்ற் ஆக்கள் அந்தப் பழசைத்தான் படம் எடுக்க வாறவை."

"துருவையோ?"

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். கோனை அண்ணாந்து பார்த்தார். அண்ணையின் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து இரண்டு சுற்றுலாப் பயணிகள் வந்து கோனைப் படம் எடுத்தார்கள். "இது பழையதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

முதலாளி முகம் மாறாமல் சொன்னார்: "என் அப்பா வைத்தது. அன்றிலிருந்து ஒருவரும் கை வைக்கவில்லை."

அண்ணை தன் றோஸ் நிறக் கைகளை மெல்ல ஏப்ரனுக்குள் மறைத்தார்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தாராளமாகப் படம் எடுங்கள். தொட்டு மட்டும் பார்க்காதீர்கள். இன்னும் காயவில்லை.